ஹேண்ட்பிரேக் அக்காவின் வண்டி ஏன் நின்றது

அரை நிமிடம் நின்றாலும் அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுவாள். சிக்னலில் இழுப்பாள், டீசல் போடும்போது இழுப்பாள், ஒரு நோயாளி ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டும்வரை இழுத்தே வைத்திருப்பாள். சமதரையில் நிற்கும் வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஷெட்டில் மற்ற ஆறு டிரைவர்களுக்கும் சிரிப்பு. 'ஹேண்ட்பிரேக் அக்கா' என்று அவர்கள் வைத்த பெயர், அவளுடைய சொந்தப் பெயரை மென்று விழுங்கிவிட்டது. அவர்களில் மூத்தவரான மீசைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"வீட்ல புருஷனையும் இப்படித்தான் இழுத்து வெச்சுட்டு வர்றியா?"

"அது நின்ன வண்டிண்ணே. தள்ளிவிட்டாத்தான் நகரும்."

அவள் சிரித்தபடி சொன்னாலும், அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் சிரிப்பு எதுவும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே வேன் டிரைவர் வேலையை விட்டு நின்ற ஒரு மாதத்தில் துணிந்து சாவியைக் கையில் எடுத்தவள், பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. உரிமம் வாங்கப் போனபோது, "ரிவர்ஸ் எடுப்பியா, இல்ல வீட்டுக்காரரைக் கூப்பிடவா?" என்று கேட்டார் அதிகாரி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து பின்பக்கத்தை நிறுத்தினாள். எழுந்து நின்றபடிதான் அவர் கையெழுத்துப் போட்டார். அதே வருடம் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி இறங்கியவள் பிரேக்கை இழுக்க மறந்துபோனாள். வண்டி தானாக உருண்டு, சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிள் ஒன்றை அப்பளமாக நொறுக்கியது. சைக்கிளில் ஆள் இல்லை. இருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் இன்றைக்கும் அவள் இடது கையில் குடியிருக்கிறது.

இப்போது அவள் ஓட்டுவது, சிறுநீரகம் வேலை செய்யாதவர்களை டயாலிசிஸ் மையத்துக்குக் கொண்டுபோகும் வேன். திங்கள், புதன், வெள்ளி. ஐந்து பேர். காலை எட்டு மணிக்கு அவர்களை இயந்திரத்தோடு இணைத்துவிட வேண்டும். அது நான்கு மணி நேரம் அவர்கள் ரத்தத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். பன்னிரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் காத்திருக்கும். அரை மணி தாமதமானால் அரை மணி ரத்தம் கழுவப்படாமல் போகும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை. மறுமுறை கதவைத் திறக்கும்போது கடைசி இருக்கையில் ஏறும் கேஷியர் பெண்ணின் முகம் உப்பியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். மற்ற நாட்களில் ஒரு துணிக்கடைக் கல்லாவில் உட்கார்கிறாள்.

முன் இருக்கை புரூஃப்காரருக்கு. ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். அவருக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான் அனுமதி. மருந்துக் குப்பியின் மூடியால் அளந்து குடிப்பார். ஒவ்வொரு மிடறையும் மணி, அளவு, காரணம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். '6.50. பத்து மில்லி. மாத்திரைக்காக.' '9.15. ஐந்து மில்லி. சும்மா.' அந்தச் 'சும்மா'வுக்காக அன்று முழுவதும் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். ஐந்து பேர் முன்னால் அவள் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. தாகம் எடுத்தால் வண்டிக்குப் பின்னால் போய் நின்று குடிப்பாள்.

அவளுடைய போனும் புரூஃப்காரர் மடியில்தான் இருக்கும். கிளம்பும்போது ஒப்படைத்தால், இறங்கும்போதுதான் திரும்ப வாங்குவாள். ஸ்டீயரிங் பிடித்த கையில் போன் ஆகாது என்பது அவள் கட்டளை. மையத்திலிருந்து அழைத்தால் அவர்தான் எடுத்து, அச்சுக்குப் போகிற தமிழில் பதில் சொல்வார்.

"வந்துகொண்டிருக்கிறோம். ஓட்டுநர் நலம். நாங்களும் உயிரோடிருக்கிறோம்."

வண்டி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவளுக்கு அதைப் பிடித்திருந்தது. குளிர்சாதனம் உண்டு, மோதினால் விரியும் காற்றுப்பை உண்டு, குழியில் இறங்கினாலும் ஊசி குத்திய கைகள் அதிராது. ஆறு மாதத்துக்கு முன் முதலாளி ஓடுகிற ஏழு வண்டிகளிலும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டியைப் பொருத்தச் செய்தார். வண்டி எங்கே போகிறது, எவ்வளவு வேகம், எங்கே நின்றது என்று எல்லாம் அது சொல்லுமாம். வண்டி திருடுபோனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எஞ்சினை நிறுத்தவும் முடியுமாம். அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஏழு பச்சைப் புள்ளிகள். முதலாளி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழு டிரைவர்களை உளவு பார்க்க ஒரு கண் வாங்கினார்கள். அந்தக் கண்ணுக்கு இமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

முதல்முறை வண்டி நின்றது ஒரு சிக்னலில். பச்சை விழுந்து நகர்ந்த மறுகணம் எஞ்சின் செத்தது. பின்னால் ஹாரன்கள். சாவியைத் திருப்பினாள், இருமக்கூட இல்லை. ஒரு நிமிடம் கழித்துத் திருப்பினாள், ஒன்றுமே நடக்காததுபோல உறுமியது. பணிமனையில் கணினியை மாட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணும் காட்டல. வண்டி கிண்ணுனு இருக்கு," என்றான் மெக்கானிக். அலுவலகத் திரை மட்டும் காட்டியது: 'எஞ்சின் நிறுத்தம், 7.26.' மேற்பார்வையாளர் அவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். காரணமின்றி நடுவழியில் எஞ்சினை அணைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தது.

"நான் அணைக்கலை சார்."

"அப்ப யாரு? வண்டில நீ மட்டும்தானே டிரைவர்?"

இரண்டாவது முறை பாலத்தின் ஏற்றத்தில். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்றது, வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. கால் பிரேக்கை மிதித்தாள். இரண்டு மிதியில் அது கல்லாகிப் போனது. எஞ்சின் ஓடாவிட்டால் மிதிக்கு வலு கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. அதில் ஒரு குழந்தை அப்பாவைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. அவள் இடது கை யோசிக்கவில்லை. பதினைந்து வருடமாகச் செய்ததையே செய்தது. இரும்புக் கயிறு சக்கரத்தைப் பிடித்தது. வண்டி முனகி நின்றது. அந்தப் புது வண்டியில் பழைய காலத்தின் மிச்சமாக இருந்தது அந்த ஒரு பிடி மட்டும்தான்.

"அக்கா," என்றாள் கேஷியர் பெண் பின்னாலிருந்து, மெதுவாக. "நாம நின்னுட்டோமா?"

"நின்னுட்டோம்."

புரூஃப்காரர் மூடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பாதி வேட்டியில் கொட்டியது. அதையும் குறித்தார்.

இரண்டு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. இரண்டாவது கடிதமும் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போகும், உரிமத்தை ரத்துசெய்யச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுதுவோம் என்று கடைசி வரியில் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு பயம் நின்றது. நிற்கும் என்று தெரிந்தால் ஒதுங்கலாம். எப்போது நிற்கும் என்று தெரியாத வண்டியில் ஐந்து உயிரை ஏற்றிக்கொண்டு எங்கே ஒதுங்குவது? அன்று முதல் ஓட்டும்போதெல்லாம் அவள் காது எஞ்சினிலேயே கிடந்தது. வீட்டில் சாப்பிடும்போது ஃபிரிட்ஜ் ஓசை நின்றால்கூடக் கை பக்கவாட்டில் போய்க் காற்றைப் பிடித்து இழுத்தது. புருஷன் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"வேலையை விட்டுரு."

"நான் விட்டா வேற ஒருத்தர் ஓட்டுவாங்க. வண்டி அதே வண்டிதானே?"

மீசைக்காரர் வேறு விளக்கம் வைத்திருந்தார். "அந்த வண்டிக்கு நேரம் சரியில்லம்மா. ஏதோ இருக்கு அதுல."

"இருக்குண்ணே. என்னன்னுதான் பாக்கணும்."

இல்லாத பேயைப் பார்த்துவிட்டேன் என்கிறவரையும், திரையில் வந்துவிட்டது, அதனால் உண்மை என்கிறவரையும் எதிரெதிர் ஆட்கள் என்று நினைக்கிறோம். இருவரும் அண்ணன் தம்பிகள். இருவருக்கும் 'எப்படி' என்று கேட்பது பிடிக்காது.

ஷெட்டின் மூலையில் 'பாட்டில்' என்று பெயர் பெற்ற பழைய டீசல் வேன் ஒன்று நின்றது. உள்ளே உட்கார்ந்தால் பாட்டிலில் கூழாங்கல் போல உருளலாம். அதன் எஞ்சினை அணைக்கவே டாஷ்போர்டில் ஒரு குமிழைக் கையால் வெளியே இழுக்க வேண்டும். இழுக்காதவரை ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கணினியும் இல்லை. அவள் அதைக் கேட்டு வாங்கினாள். ஒரு வாரம் நிம்மதி. அந்த நிம்மதி அவளுக்கு மட்டும்தான். குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்குள் ஐந்து பேரும் வெந்தார்கள். வியர்த்தால் தாகம் எடுக்கும், குடிக்க முடியாது. புரூஃப்காரர் நோட்டில் 'சும்மா'க்கள் பெருகின. வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் வழியில் ஒரு குழியில் இறங்கியபோது, கேஷியர் பெண்ணின் கையில் ஊசி குத்திய இடம் முன் இருக்கைக் கம்பியில் மோதி ரத்தம் பொங்கியது. அமுக்கிப் பிடித்து மறுபடி மையத்துக்குச் சேர்ப்பதற்குள் அவளுடைய துப்பட்டா முழுவதும் நனைந்துவிட்டது.

"பழைய வண்டியை யாரும் தூரத்திலிருந்து நிறுத்த முடியாதுக்கா," என்றான் அவள் தம்பி. போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். "ஆனா மோதினா காத்துப்பை கிடையாது. நேரா சொர்க்கம்தான்."

"அப்படி ஒண்ணு இருந்தா போற வழியைச் சொல்லு, வண்டியைத் திருப்பறேன். இவங்களுக்கு வேண்டியது பழைய வண்டி இல்லடா. நிக்காத புது வண்டி."

மறு திங்கள் புது வண்டிக்கே திரும்பினாள். புதன்கிழமை அது மூன்றாவது முறையாக நின்றது.

ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளத்துக்குப் பத்தடி முன்னால், மெதுவாக ஏறும்போது, எஞ்சின் செத்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். முன் சக்கரத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு ஆள் படுக்கும் நீளம்கூட இல்லை. சாவியைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பின்னால் வாகனங்கள் நெருங்கிவிட்டதால் தள்ளவும் வழியில்லை. ஐந்து பேரையும் இறக்கலாமா? இருவரால் தனியாக நடக்க முடியாது. நான்கு நிமிடம். நான்கு நிமிடத்தில் எத்தனை விநாடி என்று அவளைக் கேட்டால் இருநூற்று நாற்பது என்று சொல்லமாட்டாள். நூறு நூறாக எண்ணினாள். பிறகு எஞ்சின் தானாகச் சம்மதித்தது. கடந்து நூறு மீட்டர் போவதற்குள் பின்னால் கேட் மூடும் மணி அடித்தது. புரூஃப்காரர் எழுதினார்: '7.42. பத்து மில்லி. பயத்தில்.'

மூன்றாவது கடிதம் வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்துக்கு வரச் சொன்னது.

வியாழன் மாலை ஆறு மணிக்கு வண்டியைத் தம்பியின் கடை வாசலில் நிறுத்தினாள். அவன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்தான். பெட்டியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பதினைந்து இலக்க எண். கூடவே அந்தப் பெட்டிக்கான செயலியின் பெயர். அதைத் தன் போனில் இறக்கினான். திறந்ததும் பயனர் பெயர் கேட்டது. பதினைந்து இலக்கத்தையும் அடித்தான். பாஸ்வேர்டு கேட்டது.

"என்னடா போடுவ?"

"கடைக்கு வர்ற பத்துல ஏழு போனுக்கு என்ன போடுவேனோ அதைத்தான்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று அழுத்தினான். திறந்துகொண்டது. வரைபடத்தில் அவன் கடை வாசலில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே சிவப்புப் பொத்தான்.

"அமுக்கட்டுமா?"

"இரு." அவள் ஏறி, எஞ்சினைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். "இப்ப அமுக்கு."

அவன் அமுக்கினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று, ஓடட்டும், ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. எட்டாவது விநாடி நின்றது. உள்ளே யாரும் இல்லை. சாவி துளையில் தொங்கி ஆடியது.

அவன் இன்னொரு முறை தொட்டான். "இப்ப போட்டுப் பாரு." போட்டாள். உறுமியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். வண்டி தானாகத் திருந்தி ஓடவில்லை. நிறுத்தியவனேதான் விட்டிருக்கிறான். தண்டவாளத்துக்குப் பத்தடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பது தெரியாமல், அல்லது தெரிந்தே, எங்கோ ஒரு விரல் விளையாடியிருக்கிறது.

"யாருடா அது?"

"யாரா வேணா இருக்கலாம்க்கா. உன்னைத் தேடி வந்திருக்கணும்னுகூட இல்ல. கடைசி இலக்கத்தை ஒண்ணு கூட்டினா அடுத்த பெட்டி. இன்னொண்ணு கூட்டினா அதுக்கடுத்தது. பாரு," என்று அவன் எண்ணை மாற்றப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். அடுத்தவங்க வண்டியும் வண்டிதான்."

செயலியைத் தன் போனிலும் ஏற்றச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள். ரத்தம் கழுவி முடித்த ஐந்து பேரும், முதலில் எங்களை வீட்டில் விடு என்று சொல்லவில்லை. அலுவலகத்துக்கே போகச் சொன்னார்கள். வண்டியை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே போனாள். முதலாளி கடிதங்களை வரிசையாக மேசையில் பரப்பியிருந்தார். பக்கத்தில் மேற்பார்வையாளர்.

"இங்க பாரும்மா, எனக்கு உன்மேல தனிப்பட்ட விரோதம் கிடையாது. ஆனா மெஷின் பொய் சொல்லாது."

"பொய் சொல்லலை சார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது. வண்டி நின்னுச்சான்னு கேட்டீங்க, நின்னுச்சுங்குது. யார் நிறுத்தினாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே."

போனை எடுத்தாள். ஜன்னலைப் பார்க்கச் சொன்னாள். எட்டு விநாடியில் வண்டி அடங்கியது. திரையில் புதிய வரி விழுந்தது: 'எஞ்சின் நிறுத்தம், 1.18.' முதலாளியின் தேநீர் பாதி வழியில் நின்றது.

அவர் முகத்தில் உண்மை இறங்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். இறங்கியது வேறு.

"அப்ப நீதானா?"

"சார்?"

"உன் போன்லயே இருக்கு. உனக்கே தெரியுது எப்படி நிறுத்தறதுன்னு," என்றார் மேற்பார்வையாளர். "இவ்வளவு நாளும் நீயே நிறுத்திட்டு வண்டி மேல பழியைப் போட்டிருக்க. இது போலீஸ் கேஸ் சார்."

கதவு பூட்டவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வந்தவளைத் திருடி என்று பிடிப்பது உலகத்தில் புதிதல்ல. சந்தேகம் தண்ணீர் மாதிரி, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். உரிமம் போனால் மறுபடி விரிப்பு மடிக்கும் மேசைதான் என்பது ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள்," என்றது கதவருகில் ஒரு குரல். கையில் பஞ்சுக்கட்டோடு புரூஃப்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வண்டி ஓடும்போது இந்த அம்மாவின் போன் என் மடியில் இருக்கும். மூன்று முறையும் இருந்தது."

"பெரியவரே, நீங்க ஞாபகமா சொல்றீங்களா..."

"ஞாபகத்தை நான் நம்புவதில்லை ஐயா. எழுதி வைத்திருக்கிறேன்." நோட்டைப் பிரித்தார். "பயத்தில் குடித்த தண்ணீர் எல்லாம் இதில் இருக்கிறது. 7.26, ஐந்து மில்லி. வண்டி நின்றது. மையத்துக்கு இவர் போனில் நான் பதில் சொன்னேன். பாலத்தில் 7.35, பத்து மில்லி, பாதி வேட்டிக்கு. அப்போதும் போன் என்னிடம்தான். கேட்டில் 7.42. உங்கள் திரையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செயலி நேற்று மாலைதான் ஏற்றப்பட்டது என்று அந்தப் போனே சொல்லும்."

முதலாளி திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மணிகள் ஒத்துப்போயின. மன்னிப்பு என்று ஒரு சொல் தமிழில் உண்டு. அது அவர் வாய்வரை வந்து, இடம் பிடிக்காமல் திரும்பிப் போனது.

"சரி. திங்கக்கெழமைக்குள்ள எல்லா வண்டிக்கும் பாஸ்வேர்டு மாத்திடறோம். நீ போய் வண்டியைப் பாரு."

"பெட்டியைக் கழட்டிடலாமே சார்?"

"கழட்டினா நீங்கள்லாம் எங்க நிக்கிறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திங்கள் காலை ஆறரைக்கு ஷெட்டில் மேற்பார்வையாளர் ஏழு பேரையும் கூட்டி நல்ல சேதி சொன்னார். பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது. ஏழு வண்டிக்கும் ஒன்றேதான்.

"என்ன நம்பர் சார்?" என்றார் மீசைக்காரர்.

"நம்ம கம்பெனி போன் நம்பர்தான். ஆறு இலக்கம். யாருக்கும் மறக்காது."

அவளுக்கு எங்கோ உறுத்தியது. நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டாள். புரூஃப்காரர் வீட்டு முன் நிறுத்தி, பிரேக்கை இழுத்து, போனை அவரிடம் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். அவர் ஏறவில்லை. கம்பை ஊன்றி வண்டியின் பின்பக்கம் போனார். 'குறைகளைத் தெரிவிக்க' என்று பெரிய மஞ்சள் எழுத்தில் வரைந்திருந்ததன் கீழே விரலை வைத்து, பிழை திருத்துகிறவர் போல, ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தார். ஆறு இலக்கம்.

"முப்பது வருடத்தில் எத்தனையோ பிழை பார்த்திருக்கிறேன் அம்மா," என்றார். "பிழைத் திருத்தத்திலேயே இவ்வளவு பெரிய பிழையைப் பார்த்ததில்லை."

மணி ஏழு. இன்னும் நால்வரை ஏற்ற வேண்டும். திரும்பிப் போய் வாதாடினால் எட்டு மணி தவறும். அப்படியே போனால் பாலம், பிறகு கேட். பூட்டின் சாவியைக் கதவின் மேலேயே வரைந்துகொண்டு ஊரெல்லாம் போகும் வண்டி. ஏற்கெனவே விளையாடிப் பழகிய விரல், நம்பர் மாறிவிட்டதைப் பார்த்ததும் சும்மா இருக்குமா? அவள் கை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே இருந்தது. விட மனம் வரவில்லை. முதல் தடவையாக அந்தப் பிடி போதாது என்று தோன்றியது. நின்ற வண்டியை அது உருளாமல் பிடிக்கும். ஓட வேண்டிய வண்டியை அதனால் ஓடவைக்க முடியாது.

"ஐயா, என் தம்பிக்குப் போடுங்க. கடையைத் திறக்கச் சொல்லுங்க."

பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் கடை. நால்வரையும் ஏற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, தம்பி பல் துலக்கிய ஈரம் காயாத முகத்தோடு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். பெட்டிக்காக நடுவில் வெட்டி இணைத்திருந்த ஒயரை விடுவித்து, பழையபடி சேர்த்து, டேப் சுற்றினான். ஒன்பது நிமிடம். கறுப்புப் பெட்டியைக் காகிதத்தில் மடித்து அவளிடம் தந்தான்.

"கேட்டா நான் கழட்டினேன்னு சொல்லுக்கா."

"நான் சொல்லித்தானே கழட்டின. அதையே சொல்றேன்."

பாலத்தை மூச்சு விடாமல் ஏறி இறங்கினாள். கேட் திறந்திருந்தது. சமிக்ஞைக் கம்பத்தைப் பார்த்தாள், இருபுறமும் பார்த்தாள், ஏறினாள். ஓசை மாறுகிறதா என்று காது கூர்ந்தது. முதல் தண்டவாளம். அப்போது புரூஃப்காரர் மடியில் போன் அலறியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"ஓட்டுநர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்," என்றார் புரூஃப்காரர் போனில். முதலாளியின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"என்னய்யா ஓட்டறா? திரைல வண்டி ஒரு கடை வாசல்ல கால் மணி நேரமா நிக்குது!"

"உங்கள் திரையில் நிற்கிறது. நாங்கள் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருக்கிறோம். கடந்துவிட்டோம். வணக்கம்."

கடைசி இருக்கையில் கேஷியர் பெண் சிரித்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு மறுபடி சிரித்தாள்.

மைய வாசலில் 7.58. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, போனை வாங்கி முதலாளியை அவளே அழைத்தாள்.

"பெட்டியைக் கழட்டச் சொன்னது நான்தான் சார். என்கிட்ட பத்திரமா இருக்கு. ஏழு வண்டிக்கும் ஏழு வேற நம்பர், வண்டி மேல எழுதாத நம்பர் போடுங்க. ரோட்ல ஓடற எஞ்சினை நிறுத்தற ஒயரை எடுத்துடுங்க. நானே கொண்டுவந்து மாட்டறேன். நான் எங்க நிக்கிறேன்னு நீங்க பாக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார். அதான் இன்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கேன்."

"சாயங்காலம் வந்து பேசு," என்று வைத்துவிட்டார். என்ன பேசப் போகிறார் என்று தெரியவில்லை. நான்காவது கடிதமாகவும் இருக்கலாம். போனைப் பையில் போடுவதற்குள் மறுபடி அடித்தது. மீசைக்காரர்.

"ஹேண்ட்பிரேக்கு, உன் தம்பி கடை பாலத்துக்கு எந்தப் பக்கம்? நானும் இன்னும் ரெண்டு பேரும் வந்துட்டிருக்கோம்."

"வண்டிக்கு நேரம் சரியில்லன்னீங்களேண்ணே?"

"அது கெடக்கு. வழியைச் சொல்லு."

வழி சொன்னாள். புரூஃப்காரர் கடைசியாக உள்ளே போகுமுன் நோட்டை அவளிடம் நீட்டினார். '7.42' என்று எழுதி அதற்கு நேரே, 'தண்டவாளம். தண்ணீர் தேவைப்படவில்லை' என்று குறித்திருந்தார்.

அவளுக்குத்தான் தேவைப்பட்டது. வண்டிக்குப் பின்னால் போய், அந்த மஞ்சள் ஆறு இலக்கத்தின் முன்னால் நின்று, பாட்டிலைத் திறந்தாள். அவசரத்தில் கழுத்தெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் முழுவதையும் குடித்து முடித்தாள்.